அறுபது நிமிடம், நூறு கொசு

விழுந்தால் விழட்டும், விழாவிட்டால் போகட்டும், எனக்கென்ன வந்தது என்று உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குத்தான் அரசாங்கம் இருபத்தொன்பது வருஷமாக எனக்கு இந்த நாற்காலியைக் கொடுத்திருக்கிறது, ஆனால் கை வேர்க்கிறது. மணி பத்து நாற்பது. மேசைமேல் ஆறு பிளாஸ்டிக் குழாய்கள் நிற்கின்றன. நான்கில் வேம்படித் தெருவிலிருந்து வந்த கொசுக்கள், குழாய்க்கு இருபத்தைந்து, ஆக நூறு, உள்ளே சுற்றிலும் புகை மருந்து தோய்த்த தாள். ஐந்தாவதிலும் அதே தாள்தான், கொசு வேறு, இந்த ஆய்வகத்துக் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த, மருந்தென்றால் என்னவென்றே தெரியாத செல்லக் கொசு. ஆறாவதில் வேம்படித் தெருக் கொசு, ஆனால் தாளில் மருந்து இல்லை, வெறும் எண்ணெய். ஐந்தாவது சாகாவிட்டால் தாள் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். ஆறாவது செத்தால் மருந்தல்ல, என் கைதான் கொசுவைக் கொல்கிறது என்று அர்த்தம். எல்லாப் பக்கமும் கதவைச் சாத்திவிட்டேன், இந்த முறை தப்பித்துப் போக எனக்கு ஒரு சந்துகூடக் கிடையாது. ஒரு மணி நேரம் மருந்தோடு இருக்கட்டும், அப்புறம் மருந்தில்லாத குழாய்க்கு மாற்றி ஒரு நாள் வைத்து, நாளைக் காலை செத்ததை எண்ண வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு செத்தால் மருந்து நல்ல மருந்து. தொண்ணூறுக்குக் கீழே போனால் நாங்கள் தெருத்தெருவாக அடிப்பது வெறும் புகை. ஆறு வருஷமாகத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, ஒரு வருஷம் நூறு என்றுகூட எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான், ஜெபக்கனி, பூச்சி சேகரிப்பாளர், ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது.

பத்து ஐம்பது. ஐந்தாவது குழாயில் ஒன்பது மல்லாந்துவிட்டன. தெருக் கொசுவில் இரண்டு, நூற்றுக்கு இரண்டு. எழுதிக்கொண்டேன். இதைப் பார்த்தால் சேதுமாதவன் சார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், கொசு பழகிடுச்சு மேடம் என்பார். எங்கள் பூச்சியியல் வல்லுநர், என் மூத்தவனைவிட இரண்டு வயது பெரியவர், மரியாதையான பிள்ளை, ஆனால் இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை காய்கிறது. எந்தக் கொசுவும் எதற்கும் பழகவில்லை சார். மூன்று வாரம் உயிரோடிருக்கிற ஒன்று எதைப் பழகும், எப்போது பழகும்? மருந்து பட்டால் சாகிறது செத்துப்போயிற்று. சாகாதது ஒன்றிரண்டு முதலிலிருந்தே இருந்தது, எதற்காகவும் இல்லை, சும்மா, ஒரு வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று மட்டும் சிவப்பாகப் பிறக்கிற மாதிரி. செத்ததற்குப் பிள்ளை இல்லை, சாகாததற்குப் பிள்ளை உண்டு. அவ்வளவுதான் விஷயம், இதில் கற்றுக்கொள்ள, பழக, புத்தி வர ஒன்றுமில்லை. இதைத்தான் என் வீட்டுக்காரர் தங்கதுரையிடம் முப்பது வருஷமாகச் சொல்கிறேன். ஞாயிறுதோறும் கோவிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறவர், ஆறு நாளில் உலகம் உண்டாயிற்று என்று படம் வரைந்து காட்டுகிறவர், சோற்றில் கை வைத்துக்கொண்டே கேட்பார், "ஏளா, ஒண்ணுலேருந்து இன்னொண்ணு வந்தத யாரு பாத்தா? நீ பாத்தியா?" நான் ரசத்தை ஊற்றுவேன். இன்றைக்குக் கேளுங்கள். நான் பார்த்தேன். என் மேசைமேல் இருக்கிறது, வந்து பாருங்கள், ஒரு பக்கம் அப்பன் பாட்டன் காலத்துக் கொசு பொத்பொத்தென்று விழுகிறது, இன்னொரு பக்கம் புதுக் கொசு மருந்துத் தாள்மேலேயே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. கடவுள் படைத்தார் என்று சொல்லப்போகிறீர்களா? இதை அவர் தலையில் கட்டாதீர்கள். இதைப் படைத்தது நாங்கள், மண்டல அலுவலகமும் புகை வண்டியும் என் கையெழுத்தும். ஆறு வருஷம் தெருத்தெருவாகப் போய், சாகிறதையெல்லாம் கொன்று, சாகாததைப் பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறோம். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று நிமிடம்தான் போயிருந்தது.

வேம்படித் தெருவில் பேச்சித்தாய் வீடு நான்காவது. ஒன்பது நாளுக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வரும் தெரு, அதனால் வாசலில் இரண்டு டிரம், உள்ளே இரண்டு டிரம், குளிக்கிற இடத்தில் ஒரு தொட்டி. மூடி போடுங்கள் என்று சொன்னால் போடுவார்கள், மொண்டு எடுத்ததும் மறந்துபோவார்கள், யாரைக் குறை சொல்ல? ஐப்பசியில் அந்தத் தெருவில் நாலு பேருக்கு டெங்குக் காய்ச்சல் என்றதும் புகை வண்டி போயிற்று, நானும் கூடப் போனேன். வெள்ளைப் புகை வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும்போது பேச்சித்தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள், "ஏக்கா, இனி பயமில்லைல்லா?" நான் என்ன சொன்னேன்? யோசிக்கக்கூட இல்லை, தும்மல் வந்தால் தும்முகிற மாதிரி வாயில் வந்தது, "ஒண்ணும் பயமில்ல, எல்லாம் செத்துரும்." அன்றுவரை மகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டு, கால் மூடப் பாவாடை கட்டிவிட்டு, பகலிலும் வலைக்குள் உட்கார்ந்து படி என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்குச் சரி போ என்று விட்டிருக்கிறாள். மாரிச்செல்வி, ஏழாம் வகுப்பு. பன்னிரண்டாம் நாள் அதே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. பேச்சித்தாய் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. நீங்க சொன்னியளேக்கா என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், அவளுக்கு அது ஞாபகமே இல்லையோ என்னவோ, எனக்கு மட்டும்தான் அந்த நாலு வார்த்தை காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது தெரிந்தா சொன்னேன்? தெரியும் என்றுதான் நினைத்தேன். தொண்ணூற்றெட்டு என்று பதிவேட்டில் இருக்கிறதே, அதை எழுதினது நானேதானே, என் கையெழுத்தையே பார்த்து நான் நம்பியிருக்கிறேன். என்னை ஏமாற்ற வேறு யாரும் தேவைப்படவில்லை.

மணி பதினொன்று. ஐந்தாவது குழாயில் இருபத்தைந்தும் விழுந்தாயிற்று, ஒன்றுகூட நிற்கவில்லை. தாள் நல்ல தாள், மருந்து நல்ல மருந்து, அதில் சந்தேகமில்லை. தெருக் கொசுவில் பதினொன்று. குளிர்சாதனப் பெட்டி நின்று நின்று ஓடுகிறது, அதைத் தவிர அறையில் சத்தமில்லை. ஆறு வருஷம் எப்படித் தவறிற்று என்பதை எனக்குச் சொன்னது எந்த வல்லுநரும் இல்லை. சாவு வீட்டுக்குப் பத்து நாள் கழித்து, வேறு வழியில்லாமல், கொசு பிடிக்க அதே தெருவுக்குப் போனேன். வாயில் உறிஞ்சு குழாய், கையில் டார்ச், பீரோவுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே. தெருமுனையில் ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார், ஒரு தெருவுக்கு ஒரு மணி நேரம்தான், ஜீப் ஒன்று, தெரு பதினெட்டு. அதனால் உட்கார்ந்திருப்பதை உறிஞ்சுவேன், பறப்பதை விட்டுவிடுவேன், இருபத்தொன்பது வருஷமாக அப்படித்தான். பேச்சித்தாய் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு வெறிக்க வெறிக்கப் பார்த்திருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "நீங்க பிடிக்கதெல்லாம் சொங்கிக் கொசுல்லாக்கா. அந்தா பறக்குல்லா, அதப் பிடிங்க பாப்போம்." என் வாயிலிருந்த குழாய் நழுவிக் கீழே விழுந்தது. சொங்கிக் கொசு. வயசானது, இறக்கை கிழிந்தது, வயிறு கனத்து நகர முடியாதது. ஏற்கெனவே ஒரு கால் குழிக்குள் இருக்கிற கொசுவாகப் பார்த்துப் பொறுக்கி வந்து, மருந்தைக் காட்டி, செத்துப்போயிற்று பார், மருந்து வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறேன். பிடிபட்டதைத்தான் சோதித்தேன். பிடிபடாமல் போனது என் தலைக்கு மேலேயே பறந்துகொண்டிருந்தது, அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அதுதான் போய் அந்தப் பிள்ளையைக் கடித்தது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்ற ஒருத்தி நிலைப்படியில் நின்றபடி கண்ட விஷயம், எனக்கும் எனக்கு மேலே இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு நான் ஒரு கொசுவையும் பிடிக்கவில்லை, அவள் டிரம்மிலிருந்தும் பக்கத்து வீடுகளின் டிரம்மிலிருந்தும் புழுக்களை மொண்டு வாளியில் கொண்டுவந்தேன். நாய் பிஸ்கட்டையும் ஈஸ்டையும் பொடித்துப் போட்டு, தட்டுத் தட்டாக வளர்த்து, வெளியே வந்த அத்தனையையும், சுறுசுறுப்பு சொங்கி என்று பார்க்காமல், ஒரே வயசாக ஒரே கூண்டில் விட்டேன். அந்தக் கொசுதான் இப்போது மேசைமேல் இருக்கிறது.

மணி பதினொன்று பத்து, விழுந்தது பதினேழு. பதினேழா பதினெட்டா? முதல் குழாயில் ஒன்று சாய்ந்திருக்கிறது, காலை உதைக்கிறது, எழுந்திருக்குமா? அதை விழுந்ததில் சேர்க்கலாமா என்று யோசிக்கும்போதே எனக்குள் ஒருத்தி சேர்க்காதே சேர்க்காதே என்கிறாள். யாரவள்? கொசு உயிரோடிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள். நில்லுங்கடி, விழாதீங்கடி என்று குழாய்க்குள் பார்த்துக் கெஞ்சுகிறவள். பிள்ளையைத் தின்ற ஜாதிக்கு நான் பரிந்து பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சீ. அவை நின்றால்தான் நான் கண்டுபிடித்தது சரி, அவை விழுந்துவிட்டால் நான் பழைய முட்டாளே. பார்த்தாயா ஜெபக்கனி, ஆறு வருஷம் சாக வேண்டும் என்று நம்பினாய், இப்போது சாகக் கூடாது என்று நம்புகிறாய், நம்பிக்கை கட்சி மாறியிருக்கிறதே தவிர உன்னை விட்டுப் போகவில்லை. விதி என்ன? நேராக நிற்க முடியாதது விழுந்தது. இது நிற்கவில்லை. சேர்த்தேன், பதினெட்டு, கறுப்பு மையில் அழுத்தி எழுதினேன். எனக்குப் பிடிக்காத எண்ணை என் கையால் எழுத முடிகிறதா என்பதுதான் விஷயம், எனக்குத் தெரியும் என்று சொல்வதற்கு என்னிடம் வேறு அடையாளம் இல்லை. தங்கதுரைக்கு அது தேவையில்லை. அவர் நம்பிக்கைக்கு எதிராக எந்தக் குழாயையும் வைக்க முடியாது, மழை பெய்தாலும் கர்த்தர் சித்தம், பெய்யாவிட்டாலும் கர்த்தர் சித்தம், ஐந்தாவது குழாயும் கிடையாது, ஆறாவதும் கிடையாது. அதைச் சொல்லி எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், மாரிச்செல்வி செத்த வீட்டில் மூன்று நாள் போய் உட்கார்ந்திருந்தது அவர்தான். அவர்கள் நம் கோவில் இல்லை, வேறு சாமி, அது அவருக்குத் தோன்றவே இல்லை, பேச்சித்தாயின் புருஷன் தோளில் கை போட்டு உட்கார்ந்திருந்தார். அறிவியல் படித்த நான் தெருமுனைவரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். அந்த மூன்று நாளுக்காக அவரை நான் மதிக்கிறேன், ஆனால் உலகம் ஆறு நாளில் வந்தது என்று அதற்காக ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு வேறு விஷயம், ஒன்றைக் காட்டி இன்னொன்றை வாங்கிக்கொண்டு போக முடியாது.

பதினொன்று இருபதுக்கு இருபத்திரண்டு என்று எழுதும்போது சேதுமாதவன் சார் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், அவர் எப்போதும் அப்படித்தான். குனிந்து குழாய்களைப் பார்த்தார், ஐந்தாவதைப் பார்த்தார், மறுபடி முதலாவதைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது, வல்லுநர் இல்லையா, ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. "மேடம், டைரக்டர் ஆபீஸ்ல சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் கேக்குறாங்க." நாளைக்குத்தான் சார் தெரியும், இருபத்துநாலு மணி நேரம் ஆக வேண்டும் என்றேன். "அதான் மேடம், நம்ம கூண்டுக் காலனிக் கொசு செத்துருச்சுல்ல. அதுவும் கொசுதான? அந்த நம்பரைப் போட்டு அனுப்பிருவோம். இதை மெதுவா அப்புறம் பாக்கலாம்." அவர் குரல் கெஞ்சியது. பொல்லாதவர் இல்லை, பயந்தவர். ஆறு மாதத்துக்கு மருந்து கிடங்கில் இருக்கிறது, தினமும் பேப்பரில் காய்ச்சல் செய்தி, புகை வண்டி வரவில்லை என்று மறியல், மருந்து வேலை செய்யவில்லை என்று ஒருத்தர் வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தூக்கம் போயிருக்கும். "ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும் மேடம். புகையப் பாத்தாத்தான் நிம்மதியா இருக்காங்க." அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு அதிகாரியிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. "அந்த நிம்மதியிலதான் சார் ஒரு பிள்ள செத்துச்சு. புகையப் பாத்துட்டு வலையக் கழட்டி வச்சாவ. பயந்துகிட்டு இருந்திருந்தா அது இன்னைக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கும்." நான் நிறுத்தவில்லை. "டிரம்மக் கவுத்துங்க, மூடுங்க, தேச்சுக் கழுவுங்கன்னு சொல்ல ஆளப் போடுங்க சார். இந்த மருந்து அந்தக் கொசுவக் கொல்லாது, அத மட்டும் சொல்லிருவோம். உண்மையச் சொன்னா ஜனங்க செத்துர மாட்டாவ." அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார், கைக்குட்டையை எடுத்தார், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

பதினொன்று முப்பது, இருபத்தேழு. பதினொன்று நாற்பது, முப்பத்தொன்று. நூற்றுக்கு முப்பத்தொன்று. விழுந்ததில் சிலது நாளைக்குள் எழுந்தும் நிற்கும், நிற்கிறதில் சிலது சாயும், அது நாளைக்கு, இன்றைக்கு நான் பார்த்தது இவ்வளவு. ஆறாவது குழாயில் இருபத்தைந்தும் நிற்கிறது. பதிவேட்டை இழுத்து இன்றைய பக்கத்தில் எண்களை எழுதினேன். அப்புறம் முன்னால் புரட்டினேன், போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், ஆறு வருஷம், என் கையெழுத்து வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் ஒரே வாக்கியத்தை எழுதினேன்: உட்கார்ந்திருந்த கொசுக்களை மட்டும் பிடித்துச் செய்த சோதனை, இந்த எண்ணை நம்ப வேண்டாம். கீழே பெயர், இன்றைய தேதி. மூன்றாவது பக்கத்தில் சேதுமாதவன் சார் எழுந்து வந்து பார்த்தார். "மேடம், நீங்களே உங்களுக்கு எதிரா எழுதுறீங்க. பதினேழு பி சார்ஜ் மெமோ உங்க மேலதான் வரும். எட்டு மாசம்தான் இருக்கு, சார்ஜ் நிலுவையில இருந்தா ரிட்டயர் ஆகவே விட மாட்டாங்க." எனக்குத் தெரியாதா? கூட வேலை பார்த்த ஒருவர் அப்படி நாலு வருஷம் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். தங்கதுரைக்குச் சர்க்கரை, சின்னவன் இன்னும் சொந்தக் காலில் நிற்கவில்லை, பயம் இருக்கத்தான் செய்கிறது. வரட்டும் சார் என்றேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் வாளியும் தட்டும் குழாயுமாகப் போய் அவர்கள் மேசைமேல் வைப்பேன், எண்ணிக்கொள்ளுங்கள் என்பேன், என்னை நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள். மிச்ச மூன்று பக்கத்தையும் எழுதி முடித்தேன். அவர் என் பேனாவை வாங்கினார். இன்றைய பக்கத்தில், என் பெயருக்குக் கீழே, நேரில் பார்த்தேன் என்று எழுதி, வெகுநேரம் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்திருந்தார், கையெழுத்துப் போடாமல் மூடிவைத்துவிட்டு வெளியே போய்விட்டார். போகட்டும், நேரில் பார்த்தேன் என்பது அவர் எழுத்துதான்.

கொசுக்களை மருந்தில்லாத குழாய்களுக்கு மாற்றினேன். நிற்பவை ஊதியதும் பறந்து வந்தன, விழுந்து கிடந்தவற்றைத் தட்டித் தட்டி இறக்கினேன். கடைசி வேலை ஒன்று இருந்தது. சீனித் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு குழாயின் வலைமேலும் வைக்க வேண்டும், நாளை வரைக்கும் அவற்றுக்கு அதுதான் சாப்பாடு. பசியில் சாகக் கூடாது, தாகத்தில் சாகக் கூடாது, செத்தால் மருந்தால் மட்டும்தான் சாக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நான் எழுதுவது மறுபடியும் பொய். பஞ்சைக் கையில் எடுத்தேன். அந்த டிரம்மில் பிறந்தவை. மாரிச்செல்வியைக் கடித்ததன் பிள்ளைகளாகக்கூட இருக்கும். ஒரு நசுக்கு நசுக்கினால் இருபத்தைந்தும் போய்ச் சேரும், யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை, பேச்சித்தாய் பார்த்தால் அதைத்தான் செய்யச் சொல்வாள். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டேன். பஞ்சு காய்ந்துவிடாமல் இருக்க இன்னும் இரண்டு சொட்டு விட்டு, முதல் குழாயின்மேல் வைத்தேன். ஒன்று பறந்து வந்து வலையில் தொற்றிக்கொண்டு ஊசியை நீட்டியது. குடி, என்றேன்.